ஆறாம் வேற்றுமையும் அரை ஏக்கரும்

பத்தாம் வகுப்புக்கு ஆறாம் வேற்றுமை படிப்பிக்கவேண்டிய நாளில் எனக்கு எழும்பும்போதே எரிச்சல் தொடங்கிவிடும். மற்ற வேற்றுமைகளோடு எனக்குச் சண்டை இல்லை. கத்தியால் வெட்டினான், ஊருக்குப் போனான், மரத்திலிருந்து விழுந்தான், எல்லாம் அமைதியாக நடந்து முடியும். ஆறாவதுக்கு வந்து, ‘எனது, உனது, அவனது’ என்று கரும்பலகையில் எழுதி, உதாரணம் சொல்லுங்கள் என்று கேட்டால், முதலில் எழும்புகிற பிள்ளை ‘எனது வீடு’ என்று சொல்லும். அடுத்தது ‘எனது காணி’ என்று சொல்லும். எட்டு வருடமாக இதுதான். ‘எனது பேனை’ என்று சொல்லித் தப்பவிட ஒரு பிள்ளைக்கும் தோன்றியதில்லை. இப்போது என் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் முகாம் கூடாரத்தில் பிறந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பழைய இலக்கணம் இந்த உரிமையை இரண்டாகப் பிரிக்கிறது. கிழமை என்பது உரிமைக்குப் பழைய பெயர். ஆளிடமிருந்து பிரிக்க முடியாதது தற்கிழமை: எனது கை, எனது விரல். பிரிக்கக்கூடியது பிறிதின்கிழமை: எனது வீடு, எனது காணி. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். போன வருடம் கடைசி வரிசை வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை, “ரீச்சர், விரலையும் வெட்டிப் பிரிக்கலாம்தானே?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. “இலக்கணத்தில வெட்டேலாது, இரும் பிள்ளை” என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். அவள் கேட்டது என் அப்பாவின் விரலை. அது அவளுக்குத் தெரியாது.

நீட்டாமல் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் என் அம்மா, ஏறக்குறைய முப்பது வருடம் இருந்த அரை ஏக்கர் வளவைவிட்டு எழும்பவேண்டி வந்தது. அந்த வளவில் எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை என்று ஒரு கடதாசி இருக்கிறது. சொன்னது அப்பா. கைநாட்டு வைத்ததும் அப்பா. எழுதியது நான்.

அப்பா மலையகத்தில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கலவரத்தில், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்தைக் கொளுத்திய பிறகு தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மீசை அரும்புகிற வயது. தோட்டத்தில் குடியிருந்த லயத்து அறையான காம்பரா தோட்டத்துடையது, கூரைத் தகரம் தோட்டத்துடையது, வாசலில் விழுகிற வெயிலைத் தவிர மிச்சம் எல்லாம் தோட்டத்துடையது. பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் வாசலில் ஒரு கொய்யா நட்டிருந்தாராம். அதை வெட்டச் சொல்லி வந்த கங்காணியிடம் ‘என் மரங்க’ என்று சொல்லிவிட்டார். அந்த ‘என்’னுக்காக அவரை எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் இருத்தி அடித்ததை அப்பா ஏழு வயதில் பார்த்திருக்கிறார். இந்தக் கதையை அவர் எனக்கு ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போதும் கொய்யா மரத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார். காய்க்கத் தொடங்கியிருந்த மரமாம்.

வன்னியில் அப்பாவை வேலைக்கு எடுத்தவரை நாங்கள் ஐயா என்போம். அக்கராயன் குளத்து வாய்க்கால் கடைசியாகத் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கிற இடத்தில் அவருக்கு அரசாங்கம் பெர்மிற் என்ற அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த வயல் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் எழுதப்போவதில்லை. வந்த புதிதில் எங்கள் ஆட்கள் பசியோடு தெருவில் நின்றபோது சோறு போட்டவர் அவர். காய்ச்சல் வந்தால் தன் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அப்பா அதற்கு நன்றி செலுத்தினார். எப்படியென்றால், கண்ணில் கண்டதையெல்லாம் ஐயாவுக்கு எழுதிவைத்தார், வாயால். ஐயாவோட மாடு, ஐயாவோட மம்பட்டி, ஐயாவோட வரம்பு. தான் கூலிக் காசில் வாங்கிய கோடரியும் ‘ஐயாவோட கோடரி’தான். அப்பாவின் வாயில் ‘என்’ வந்து நான் கேட்டதேயில்லை. என்னை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, இது ஆரின்ர பிள்ளை என்று அதிபர் கேட்டதற்கு, “ஐயா வீட்டு ஆளுங்க புள்ளைங்க” என்று பதில் சொன்னார். அதிபர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு இலக்கணம் படித்தபோது ஒரு விதியைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ‘எனது மகள்’ என்று எழுதுவது பிழையாம். ‘அது’ என்ற உருபு அஃறிணைக்கு உரியது, மனிதரோடு அதைச் சேர்க்கக்கூடாது, ‘என் மகள்’ என்றுதான் எழுதவேண்டும் என்று பண்டிதர்கள் பிடிவாதமாகச் சொல்கிறார்கள். மனிதரை மாடு, மண்வெட்டியோடு ஒரே உருபில் கட்டக்கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் மினக்கெட்டு யோசித்திருக்கிறார்கள். அந்த மரியாதை புத்தகத்தில் இருந்தது. எங்கள் தெருவில் எங்களுக்கு ‘ஐயாவின்ர ஆக்கள்’ என்றுதான் பெயர்.

அம்மாவின் கதை வேறு. அம்மாவுக்கு எல்லாமே ‘நம்ம’. வீட்டில் நாங்கள் மலையகப் பேச்சுத்தான் பேசுவோம். பள்ளிக்கூடத்தில் நான் ஒருநாள் ‘நம்ம கிணறு’ என்று சொல்ல, பிள்ளைகள் பின்னேரம் வரை என்னை ‘நம்ம’ என்று கூப்பிட்டார்கள். அந்தக் கிழமையே ‘எங்கட’வுக்கு மாறிவிட்டேன். வீட்டுக்குள் ஒரு வாயும் வெளியில் ஒரு வாயுமாக இருந்து பழகிவிட்டது. ‘எங்கள்’ என்றால் கேட்கிறவர் வெளியே நிற்கிறார், ‘நம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுகிறார் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்த நாளில் அம்மாவைத்தான் நினைத்தேன். தண்ணீர் கேட்டு வந்த வழிப்போக்கரிடமும், “நம்ம கிணத்துல அள்ளிக்கங்க” என்பார். சொல்லிவிட்டு வாளியையும் கொடுப்பார். அது அம்மாவுக்கு இலக்கணமில்லை, சுபாவம்.

இனி அந்த அரை ஏக்கர். ஐயா எங்களுக்குக் கொடுத்த கொட்டில் வயல் ஓரத்தில், பள்ளத்தில் இருந்தது. மாரிக்கு மாரி வெள்ளம் உள்ளே வந்தது. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, வெள்ளத்தில் என் தம்பி காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் அப்பா வயலின் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருந்த பற்றைக் காட்டை வெட்டத் தொடங்கினார். அந்தத் துண்டு ஐயாவின் பெர்மிற்றில் இல்லை. வரைபடத்தில் வெறும் காடு. பகலில் ஐயாவின் வயலில் வேலை செய்துவிட்டு, பின்னேரம் இரண்டு மணித்தியாலம் காட்டோடு மல்லுக்கட்டினார். முள்ளுப் பற்றை போய்விட்டது. ஒரு பாலைமரத்தின் அடிக்கட்டை மட்டும் அசையவில்லை. அதை வேரோடு எடுக்கும்போது கோடரி வழுக்கி, அப்பாவின் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதியோடு போயின.

அம்மா கையைச் சீலையால் கட்டினார். துண்டுகளை ஒரு சிரட்டையில் பொறுக்கி எடுத்து, அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார். கட்டை அதற்குப் பிறகு அப்படியே விடப்பட்டது. அதைச் சுற்றித்தான் எங்கள் முற்றம் வந்தது. பிறகு வீடு வந்தது, அப்பாவே தோண்டிய கிணறு வந்தது, அம்மாவின் முருங்கையும் தேசி மரமும் வந்தன. அம்மா முற்றம் கூட்டும்போது கட்டையைச் சுற்றி மட்டும் கையால் சருகு பொறுக்குவார், விளக்குமாறு படவிடமாட்டார்.

வீடு கட்டி முடிந்ததும் ஐயா பார்க்க வந்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்து, “நல்லாத்தான் துப்பரவாக்கியிருக்கிறாய்” என்றார்.

“ஐயாவோட எடந்தாங்க” என்றார் அப்பா.

ஐயாவுக்குத் தெரியும், அது தன் இடம் இல்லையென்று. சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச வருடத்தில் அவரும் குடும்பமும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது, எல்லாத்தையும் பார்த்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பார்த்துக்கொண்டார். சண்டை நெருங்கி ஊரே எழும்பியபோதும் கடைசியாக எழும்பியவர் அவர்தான். ஐயாவின் வயல் எல்லைக்கல்லை மண்போட்டு மூடி, அடையாளம் வைத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக் கதவை மட்டும் சாத்த மறந்துபோனார்.

முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. பாலைக் கட்டை இருந்தது. அதைக் கண்டதும் அம்மா அதில் இருந்து அழுதார். அப்பா போய் ஐயாவின் எல்லைக்கல்லைத் தோண்டித் துடைத்துவைத்தார். நான் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். எனக்கு அந்தக் கல்லைத் தூக்கிக் கிணற்றில் போடவேண்டும்போல இருந்தது.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். காணி உறுதி, பெர்மிற் இல்லாதவர்கள் வந்து பதியலாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா வெள்ளைச் சாரம் உடுத்து வந்தார். ஐயாவின் காணியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றுதான் வந்தார். வேப்பமரத்துக்குக் கீழே மேசை போட்டு ஒரு இளம் அதிகாரி இருந்தார். எங்கள் துண்டை வரைபடத்தில் தேடிப் பிடித்து, “இந்த வளவு ஆரின்ர?” என்று கேட்டார்.

“ஐயாவோடதுங்க.”

“எந்த ஐயா? நீங்கள்தானே இருக்கிறியள்.”

“நாங்க காவலுக்கு இருக்கிறோம்ங்க. ஐயா வெளிநாட்டுல.”

அதிகாரி வரைபடத்தில் பக்கத்து வயலுக்குரிய பெயரைப் பார்த்தார். “ஐயாவின்ர பெர்மிற்றில இந்தத் துண்டு இல்லை, பெரியவர். இது அரசாங்கக் காணி. ஆர் இருக்கினமோ அவையின்ர பேரில பதியலாம். அவசரப்படாமல் யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தங்கச்சி, நீர் படிக்கிற பிள்ளைதானே. சொல்லுறதை நிரப்பும்” என்று படிவத்தைத் தந்தார்.

இந்த மனிதரின் முகம் எனக்கு மறந்துபோய்விட்டது, அது பெரிய குறை. எங்கள் குடும்பத்துக்கு ஒரு முழுக் காணியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவர். நான் அப்பாவின் காதுக்குள் குனிந்து, “அப்பா, நம்மளோடதுன்னு சொல்லுங்க. நம்ம வெட்டுனதுதானே” என்றேன்.

அப்பா என்னை அந்நியமான ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “ஆளு இல்லாத நேரத்துல எடுத்துக்கிறதுக்கு என்னா பேரு, புள்ள?” என்று கேட்டார். “சோறு போட்ட ஆளு. வந்து கேட்டா நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு நிக்கிறது?”

அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தக் காட்டுக்கு நீங்கள் இரண்டு விரல் கொடுத்தீர்கள், ஐயா ஒரு இலைகூட வெட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் பெயரை உரிமையாளர் என்ற கட்டத்தில் எழுதியிருக்கலாம். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் வைத்திருப்பார். இதை நான் அப்போதும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். ஆனால் அப்பாவை ஏமாற்றுவது எனக்குப் பெரிய பாவமாகத் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுத உட்கார்ந்தேன். பாதியில் அதிகாரி எட்டிப் பார்த்து, “வடிவான எழுத்து” என்றார். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. மிச்ச வரிகளை இன்னும் கவனமாக, சுழிகளை உருட்டி உருட்டி எழுதினேன். ‘மேற்படி காணியில் எனக்கோ என் குடும்பத்தினருக்கோ எவ்வித உரிமையும் இல்லை என்பதையும், உரிமையாளரின் காவலாளாக மட்டுமே குடியிருக்கிறேன் என்பதையும் இத்தால் அறியத்தருகிறேன்.’

அப்பா பெருவிரலை மையில் அழுத்தினார். இடது கைப் பெருவிரல். கோடரி அதை மட்டும் விட்டுவைத்திருந்தது. அப்பாவின் பேரால் ‘என்’ என்ற சொல் எழுதப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காக எழுதப்பட்டது.

அப்பா ஐந்து வருடத்துக்கு முன் காலமானார். ஐயா அதற்கும் முன்னமே வெளிநாட்டில் காலமாகிவிட்டார். செய்தி கிடைத்தபோது அப்பா தலைமுழுகி, மூன்று நாள் மரக்கறி மட்டும் சாப்பிட்டார். எனக்கு வேலை கிளிநொச்சிப் பட்டணத்துப் பக்கம் கிடைத்ததால் அங்கே ஒரு வாடகை அறையும் குசினியுமாக இருக்கிறேன். அம்மா வளவைவிட்டு வரமாட்டேன் என்றார். சனி ஞாயிறுகளில் நான் போய்வருவேன்.

இந்த வருடம் தை மாதத்தில் ஐயாவின் மகன் வந்தார். பத்து வயதில் போனவர், காதோரம் நரைத்து வந்தார். அம்மா பிளாஸ்ரிக் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். அவர் முழுவதையும் குடித்தார். நல்ல மனிதர் மாதிரித்தான் கதைத்தார். லீவுக்கு வந்து நிற்க ஒரு வீடு கட்டப்போகிறாராம். வயல் பள்ளமாம், மேட்டில்தான் கட்டலாமாம். இந்தத் துண்டுக்கும் சேர்த்துத் தன் பேரில் கடதாசி வந்துவிட்டதாம்.

“அவசரமில்லை, அம்மா. உங்கட வீடு மாதிரித்தானே. ஆறுதலா ரெண்டு மாசத்துக்குள்ள வெளிக்கிட்டாச் சரி. சாமான் ஏத்த லொறி நான் ஒழுங்குபடுத்தித் தாறன்” என்றார்.

“சரிங்க தம்பி” என்றார் அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “இது உங்கட அப்பாவின்ர பெர்மிற்றில இருந்த காணி இல்லை. காடு வெட்டினது என்ர அப்பா. கிணறு வெட்டினதும் அவர்” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். “நீங்கள் சொல்லுறது உண்மையாத்தான் இருக்கும், ரீச்சர். எங்கட அப்பா கடைசி வரைக்கும் உங்கட அப்பாவைப் பற்றித்தான் கதைச்சவர். எங்கட ஆக்கள் எங்கட காணியைப் பாத்துக்கொள்ளுகினம் எண்டு சொல்லுவார். ஆனா கந்தோரில இருக்கிற கடதாசிப்படிதானே நான் செய்யலாம்” என்றார். எங்கட ஆக்கள். அவர் அன்பாகத்தான் சொன்னார். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் நின்றேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் காணி அலுவலகமான கந்தோருக்குப் போனேன். உள்ளூர எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தப் படிவம் தொலைந்துபோயிருக்கும் என்ற நம்பிக்கை. இந்த நாட்டில் எத்தனை கடதாசி தொலைகிறது. பிறந்த பதிவு தொலைகிறது, இறந்த பதிவு தொலைகிறது, ஆட்களே தொலைந்து அவர்களைத் தேடித் தாய்மார் வீதியில் இருக்கிறார்கள். இந்த ஒரு தாள் தொலையாதா என்று வழியெல்லாம் நேர்ந்துகொண்டு போனேன். அங்கே இருந்த பெண் உத்தியோகத்தர் பத்து நிமிடத்தில் ஆவணக் கோவையை எடுத்துவந்து மேசையில் விரித்தார். பூச்சிகூட அரித்திருக்கவில்லை.

“குடியிருந்தவரே தன்ர இல்லை எண்டு எழுதித் தந்திருக்கிறார், ரீச்சர். அதை வச்சுத்தான் மற்றவைக்குக் குடுத்திருக்கு. ஆட்சேபணைக்கும் அறிவித்தல் ஒட்டினது. ஒருதரும் வரேல்லை. இனி என்ன செய்யிறது?” என்றார். உண்மையாகவே கவலையோடுதான் சொன்னார். பிறகு தாளைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி, “ஆர் எழுதினது இது? அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

“என்ர எழுத்து” என்றேன்.

அவர் கோவையை மெதுவாக மூடிவைத்தார். தண்ணீர் வேணுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். இரண்டு பஸ்ஸைப் போகவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவர் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னதை நான் எழுதினேன் என்பது அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அப்பா போனார், சொன்னார், வந்தார் என்றுதான் நினைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவின் காதில் சொன்னதையும், யோசித்ததையும். அம்மா அரிசியில் ஒரு கல்லை எடுத்து வீசினார்.

“அவரு அப்பிடித்தான் சொல்லுவாரு. அவருக்கு வேற தெரியாது” என்றார். இன்னொரு கல்லைத் தேடிக்கொண்டு, “நீ படிச்ச புள்ளதானே. ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் நான் நின்று வாங்கியிருப்பேன்.

வெளிக்கிடுகிற நாளில் லொறி சொன்ன நேரத்துக்கு வந்தது. அதில் பாதிகூட நிரம்பவில்லை. ஒரு கட்டில், இரண்டு பெட்டி, அலுமாரி, சட்டிபானை, அப்பாவின் கோடரி. அம்மா வழக்கம்போல முற்றத்தைக் கூட்டினார். விட்டுப்போகிற இடத்தை எதற்குக் கூட்டுகிறீர்கள் என்று கேட்கப்போய் வாயை மூடிக்கொண்டேன். கட்டையைச் சுற்றிக் கையால் சருகு பொறுக்கினார்.

லொறி போன கையோடு மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் வவுனியாப் பக்கத்து ஆள், எங்களைத் தெரியாது. இறங்கி வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். வீட்டைத் தள்ளவும், கிணற்றை மூடவும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முற்றத்தில் நின்ற பாலைக் கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை” என்றார். “கிண்டி எடுக்கிறதோ, விடுறதோ? வளவு உங்கடதோ, அக்கா?”

நான் அந்தக் கேள்வியைப் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அது படிவம் இல்லை. கைநாட்டு இல்லை. வீட்டைத் தள்ளும் வேலையை அது நிறுத்தியிருக்காது. ஆனால் ‘ஓம், எங்கட. அந்தக் கட்டையை விடுங்கோ’ என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தலையாட்டிவிட்டு அதைச் சுற்றிப் போயிருப்பார். அவருக்கென்ன, ஒரு வேலை குறைவு. என் வாழ்க்கையில் ‘எங்கட’ என்று சொல்லி ஒரு சாண் நிலத்தைக் காப்பாற்றக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அம்மா விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றார். அப்பாவின் விரல்கள் எனக்கும் அவருக்கும் நடுவில், மண்ணுக்குள் கிடந்தன. தற்கிழமை, பிறிதின்கிழமை, எல்லாம் எனக்குத் தெரியும்.

“இல்லை. அவையின்ர” என்று சொன்னேன். “அவையைக் கேட்டுச் செய்யுங்கோ.”

ஏன் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாய் தயாராக வைத்திருந்த பதில். அவர் கைபேசியை எடுத்து நம்பரை அழுத்தினார். கட்டையைக் காட்டிக் கேட்டார். “சரி, சரி, எல்லாத்தையும் எடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நானும் அம்மாவும் ஓட்டோவில் ஏறினோம். வாய்க்கால் பாலத்தைக் கடந்த பிறகு, மடியில் இருந்த விளக்குமாற்றின் ஈர்க்குகளைச் சரிசெய்துகொண்டு, “சரியாத்தான் சொன்ன, புள்ள. அப்பாவும் அதத்தான் சொல்லியிருப்பாரு” என்றார். அம்மா என்னைப் பாராட்டினார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். வாடகை அறைக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது, முன்னால் நாலடி மண் இருக்கிறது. அதில் ஒரு மிளகாய்க் கன்று நட்டால் வீட்டுக்காரர் ஏதும் சொல்வார்களா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். நட்டுக்கங்க என்று நானும் மூன்று தடவை சொல்லிவிட்டேன். அவர் நடவில்லை. போன கிழமை அயல் வீட்டுப் பெண் குழாய்த் தண்ணீர் நின்றுவிட்டதென்று வாளியோடு வந்தாள். நான் உள்ளே சுண்ணக்கட்டித் தூசியோடு சீலை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா எழும்பி, வாளியை வாங்கி நிரப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையில் இருந்தபடி சொன்னது எனக்குக் கேட்டது.

“கொஞ்சம் பொறும்மா. மக உள்ளுக்கு இருக்கு. அவளோட கெணறு. கேட்டுட்டுத்தான் சொல்லணும்.”